ஆயில் கேட்ச் கேன் பொருத்துகிறவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் எஞ்சினிலிருந்து வாயுவோடு வெளியேறும் ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பாவான ஆயில் கேட்ச் கேன் இப்போது அக்சஸரி கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. இணையத்தில் வாங்கி வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பொருள் நல்ல பொருள்தான். பொருத்தமான எஞ்சினில் முறையாக மாட்டினால் பலன் உண்டு. ஆனால் அதை மாட்டும் விதத்தில்தான் தப்பு நடக்கிறது. சிலர் கேனின் தலையில் சின்ன ஏர் ஃபில்டரைச் செருகி, எஞ்சின் புகையை வெளியே திறந்துவிடுகிறார்கள். வேறு சிலர் 19 மி.மீ. குழாய் இருந்த இடத்தில் 9 மி.மீ. துளையுள்ள கேனை மாட்டி எஞ்சினின் காற்றோட்டத்தையே நெரித்துவிடுகிறார்கள். கேன் இல்லாமல் ஓடியிருந்தால் அந்த வண்டிக்கு ஆயில் சீல் போயிருக்காது, டர்போவும் போயிருக்காது. கார் வைத்திருப்பவர்களும் தொழில் பழகும் மெக்கானிக் தம்பிகளும் பயன்பெறட்டும் என்று சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் ஒதுக்கி வெளியிட வேண்டுகிறேன்.

பிஸ்டன் ரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் சிலிண்டரை முழுக்க அடைத்துவிடாது. சூட்டில் விரிய வேண்டுமே என்பதற்காக அதன் இரு முனைகளுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விட்டிருப்பார்கள். டீசல் எரியும் நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். அந்த அழுத்தத்தில் வாயுவின் ஒரு சிறு பங்கு ரிங்கைத் தாண்டிக் எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேசுக்குள் இறங்கிவிடுகிறது. இதற்கு பிளோ-பை என்று பெயர். எரியாத எரிபொருள், கரித்தூள், நீராவி எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும், கொஞ்சம் ரிங் வழியே கீழே வரும். கீழே கிராங்க் ஷாஃப்ட் சுழன்று ஆயிலைத் திவலை திவலையாகச் சிதறடித்துக்கொண்டே இருப்பதால், வெளியேறும் வாயு அந்தத் திவலைகளையும் அள்ளிக்கொண்டு போகிறது.

இந்த வாயுவுக்கு வழி விடாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, டேப்பட் கவர் கேஸ்கெட், கிராங்க் ஷாஃப்ட் ஆயில் சீல், டிப் ஸ்டிக் குழாய் என்று எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். பழைய லாரிகளில் இந்த வாயு வெளியேறும் ப்ரீத்தர் குழாய் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டு புகையையும் ஆயிலையும் ரோட்டில் சிந்துவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 1960களின் தொடக்கத்தில், நகரப் புகைமூட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று கண்ட அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், புதுக் கார்களில் இந்த வாயுவை, எஞ்சினுக்குள் காற்று போகும் வழியான இன்டேக்குக்கே திருப்பி எரித்துவிடும் ஏற்பாடு வந்தது. பி.சி.வி. வால்வு என்கிறோமே, அது அதன் வாரிசு. இன்று உலகம் முழுக்க இதே முறைதான்.

சிக்கல் என்னவென்றால், வாயுவோடு ஆயில் திவலையும் இன்டேக்குக்குள் போகிறது. பழைய மாதிரி பெட்ரோல் எஞ்சினில் இன்ஜெக்டர், இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோலைத் தெளிக்கும். அந்தப் பெட்ரோலே வால்வைக் கழுவிவிடும். டி.எஸ்.ஐ., ஜி.டி.ஐ. என்று போட்டு வரும் எஞ்சின்களில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது. வால்வைக் கழுவ ஆளில்லை. படிந்த ஆயில் சூட்டில் கருகிக் கரியாக இறுகி, நாளடைவில் காற்று போகும் வழியை அடைக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் தடுமாறும், மிஸ்ஃபயர் ஆகும். டீசல் எஞ்சினில் வேறு விதம். எரிந்த புகையில் ஒரு பங்கை மறுபடி இன்டேக்குக்குத் திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வழியே வரும் கரியும் ப்ரீத்தர் வழியே வரும் ஆயிலும் காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் இன்டேக் மேனிஃபோல்டில் சந்தித்துத் தார் மாதிரி ஆகிவிடுகின்றன. மேனிஃபோல்டைக் கழற்றிப் பார்த்தால் 50 மி.மீ. வாய் பாதியாகச் சுருங்கி, உள்ளே ஸ்க்ரூ டிரைவரை விட்டுச் சுரண்டினால் கெட்டிப் பசையாக வழித்துக்கொண்டு வரும்.

கேட்ச் கேன் செய்வது இவ்வளவுதான்: வாயு இன்டேக்குக்குப் போகும் வழியில் அதை ஒரு டப்பாவுக்குள் சுற்றவைத்து, குளிர்ந்த தகடுகளில் மோதவிட்டு, ஆயிலையும் தண்ணீரையும் அடியில் இறக்கிவிடுகிறது. இட்லிக் கொப்பரை மூடியின் உட்புறம் ஆவி முத்து முத்தாக நிற்குமே, அதே வேலைதான். வடிந்ததுபோக மீதி வாயு இன்டேக்குக்குப் போய் எரிய வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடுவதால்தான் பாதித் தப்புகள் நடக்கின்றன.

யாருக்கு இது தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டர்போ இல்லாத, மேனிஃபோல்டிலேயே பெட்ரோல் தெளிக்கும் சாதாரணக் கார்களுக்குத் தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல ஆயிலை நேரத்துக்கு மாற்றலாம். நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களுக்கும், இ.ஜி.ஆர். உள்ள டர்போ டீசல் வண்டிகளுக்கும் பொருள் உண்டு. அதிலும் வண்டி புதிதாக இருக்கும்போதோ, மேனிஃபோல்டைக் கழற்றிச் சுத்தம் செய்த கையோடோ மாட்டினால்தான் முழுப் பலன். ஏற்கெனவே படிந்த கரியைக் கேன் கரைக்காது. இ.ஜி.ஆர். கரி வருவதையும் நிறுத்தாது. அந்தக் கரி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உதவும், அவ்வளவே. மைலேஜ் கூடும், பிக்கப் கூடும் என்று சொல்லி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் பைப்பைக் கழற்றியதும் உள்ளே ஆயில் ஈரம் தெரிகிறது என்று பதறிப் போய்க் கேன் மாட்ட வருகிறவர்கள் அதிகம். மெல்லிய ஈரப் பசை எல்லா டர்போ வண்டியிலும் இருக்கும். கவிழ்த்தால் சொட்டு சொட்டாக ஊற்றுகிற அளவுக்கு இருந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்போதும் கேனுக்கு முன்னால் பார்க்க வேண்டிய மூன்று உண்டு. முதலில் டிப் ஸ்டிக். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றால் கிராங்க் ஷாஃப்ட் அதை அடித்து நுரையாக்கி ப்ரீத்தரில் தள்ளும். அளவுக்கு மேல் ஊற்றியதை வடித்தாலே பிரச்சினை தீர்ந்துவிடும் வண்டிகள் நிறைய. இரண்டாவது ஏர் ஃபில்டர். அது அடைத்துக்கொண்டால் டர்போவுக்கு முன்னால் உறிஞ்சல் கூடி, ப்ரீத்தரிலிருந்து ஆயிலையும் சேர்த்து இழுக்கும். மூன்றாவது பி.சி.வி. வால்வு. கழற்றிக் காதருகே குலுக்கினால் உள்ளே கலகலவென்று ஆட வேண்டும். சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் மாற்றிவிடுங்கள். சத்தம் வந்தாலும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் என்பதால், ஓடிய வண்டியில் சந்தேகம் இருந்தால் புதிது போடுவதே நல்லது.

ரிங் தேய்ந்த எஞ்சினில் கேன் மாட்டுவது நோயை மறைப்பதுதான். ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே வாயில் வைத்துப் பாருங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளிக் கீழே விழுந்தால், புகை குபுகுபுவென்று வந்தால், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டரின் அழுத்தம், பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டர்களுக்குள் 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். டீசலில் இப்படி ஆயில் விட்டுப் பார்க்கக் கூடாது. எரியறை மிகச் சிறியது என்பதால், விட்ட ஆயில் இடத்தை அடைத்து பிஸ்டன் முட்டிக் கனெக்டிங் ராடு வளையும் அபாயம் உண்டு.

இனி கேனைத் தேர்ந்தெடுப்பது. வெளிப் பளபளப்பைப் பார்க்காமல் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். வெறும் டப்பாவாக இருந்தால் வாங்காதீர்கள். ஒரு வாயில் நுழைந்த வாயு அடுத்த வாயில் அப்படியே போய்விடும். தடுப்புத் தகடு இருக்க வேண்டும், உள்ளே வரும் வழி கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும், வெளியே போகும் வழி மேலே இருக்க வேண்டும். ப்ரீத்தர் திவலைகளில் பெரும்பகுதி சில மைக்ரான் அளவுக்கும் கீழே என்பதால் தகடு மட்டும் உள்ள கேன் பெரிய திவலைகளையே பிடிக்கும். நுண்ணிய வெண்கல ஃபில்டரோ, மாற்றக்கூடிய நார் எலிமென்டோ உள்ளது நன்றாகப் பிடிக்கும். ஆனால் எலிமென்ட் அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கேனில் அழுத்தம் ஏறினால் தானாகத் திறக்கும் ரிலீஃப் வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். எலிமென்டையும் தயாரிப்பாளர் சொன்ன கெடுவில் மாற்றியே ஆக வேண்டும்.

வெறும் கேனை மலிவாக வாங்கி, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்துவிடும் பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அதிர்வில் அந்த நார் தூள் தூளாக உதிரும். உதிர்ந்த இரும்புத் துணுக்கு போகும் வழி நேரே டர்போவின் காற்றுச் சக்கரம், அதற்கடுத்து சிலிண்டர். குளிர்பான பாட்டிலைக் கட்டிவைப்பதும் இதே ரகம். ஐடிலிங்கில் பெட்ரோல் எஞ்சின் மேனிஃபோல்டில் பாதரசக் கணக்கில் 18 முதல் 20 அங்குல உறிஞ்சல் இருக்கும். அந்த இழுப்பில் பாட்டில் ஒடுங்கிப்போகும், எஞ்சின் சூட்டில் இளகவும் செய்யும்.

கேனின் வாயை அளவெடுக்காமல் பணம் கொடுக்காதீர்கள். பெட்டியில் 15 மி.மீ. என்று போட்டிருப்பது பெரும்பாலும் நிப்பிளின் வெளி விட்டத்தைக் காட்டும் ஹோஸ் அளவு. உள் துளையை வெர்னியர் காலிப்பரால் அளந்தால் 9, 10 மி.மீ.தான் இருக்கும். வண்டியில் ஏற்கெனவே உள்ள குழாயின் உள் விட்டம் எவ்வளவோ, கேனின் துளை அதற்குக் குறையவே கூடாது. சாதாரணப் பெட்ரோல் கார்களின் பி.சி.வி. குழாய் 9 முதல் 12 மி.மீ.க்குள் இருக்கும். டீசல் வண்டிகளின் ப்ரீத்தர் பெரும்பாலும் 16 முதல் 25 மி.மீ. வரை போகும். துளையின் விட்டம் பாதியானால் போகும் வழியின் பரப்பு நாலில் ஒரு பங்காகிவிடும். டர்போ வண்டியில் இது எங்கே கொண்டுபோய் விடும் தெரியுமா? டர்போவின் பேரிங்குக்குப் போகும் ஆயில் தன் எடையாலேயே கீழே ஆயில் தொட்டியான சம்ப்புக்கு வடிய வேண்டும். கிராங்க் கேசில் அழுத்தம் ஏறினால் அந்த ஆயில் வடியாமல் தேங்கி, டர்போ சீலைத் தாண்டி இன்டேக்கிலும் சைலன்சரிலும் இறங்கும். நீலப் புகை வரும். டர்போ போய்விட்டது என்று சொல்லிப் புதிதும் போடுவார்கள். கேன் அங்கேயே இருப்பதால் புது டர்போவும் அதே மாதிரி ஒழுகும்.

குழாய் விஷயத்திலும் சிக்கனம் பார்க்க வேண்டாம். தண்ணீர்க் குழாய், மீன் தொட்டிக் குழாய் எல்லாம் ஆயில் பட்டு ஊதி, உறிஞ்சலில் சப்பிப்போகும். பளிச்சென்ற நீல, சிவப்பு சிலிக்கான் குழாய் சூட்டைத் தாங்கும், ஆனால் சாதாரண சிலிக்கான் வழியே ஆயில் கசிந்து வெளியே வியர்க்கும். உள்ளே ஃபுளூரோ பூச்சுள்ள சிலிக்கான், அல்லது ஆயில் தாங்கும் நைட்ரைல் ரப்பர் குழாய் வாங்குங்கள். மேனிஃபோல்டு பக்கம் போகிற குழாயின் சுவர் கனமாக, வளைத்தாலும் சப்பாத மாதிரி இருக்கட்டும். திடீர் வளைவு வரும் இடத்தில் குழாயை மடிக்காமல் வார்ப்பு எல்போ போடுங்கள். வண்டியோடு வந்த ஒரிஜினல் குழாயை வெட்டவே வேண்டாம். கழற்றி, துடைத்து, பையில் போட்டு டிக்கியில் வைத்துவிடுங்கள்.

எந்தக் குழாயில் மாட்டுவது என்பதில் எஞ்சினுக்கு எஞ்சின் வித்தியாசம் உண்டு. டர்போ இல்லாத நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் எஞ்சினில் பி.சி.வி. வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே ஒரு கேன் போதும். டேப்பட் கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பைப்புக்குப் போகும் இன்னொரு குழாய், எஞ்சினுக்குள் சுத்தக் காற்று வரும் வழி. அதைத் தொட வேண்டாம்.

டர்போ பெட்ரோலில் வாயு இரண்டு வழியாகப் போகும். மெதுவாக ஓட்டும்போது பி.சி.வி. வழியே மேனிஃபோல்டுக்குப் போகும். ஆக்சிலரேட்டரை மிதித்து டர்போ அழுத்தம் கொடுக்கும்போது மேனிஃபோல்டில் உறிஞ்சல் இருக்காது. பி.சி.வி. மூடிக்கொள்ளும். அப்போது வாயு சுத்தக் காற்றுக் குழாய் வழியே எதிர்த்திசையில் டர்போ வாய்க்குப் போகும். பி.சி.வி. குழாயில் மட்டும் கேன் போட்டவர்கள், இன்டர்கூலரில் இன்னும் ஆயில் வருகிறதே என்று கேட்பது இதனால்தான். இரண்டு குழாயிலும் கேன் வேண்டும், அல்லது இரண்டு வழியுள்ள ஒரே கேன் வேண்டும். மேனிஃபோல்டு பக்கம் ஒரு செக் வால்வும் இருக்க வேண்டும். அதன் அம்புக்குறி மேனிஃபோல்டைப் பார்த்திருக்க வேண்டும். மாட்டும் முன் வாயால் ஊதிப் பாருங்கள்: அம்பு காட்டும் பக்கம் போக வேண்டும், திருப்பி ஊதினால் போகவே கூடாது. இது தலைகீழானால், அல்லது மலிவு வால்வு உடைந்தால், டர்போ அழுத்தம் முழுவதும் கிராங்க் கேசுக்குள் புகுந்து சீலைப் பிதுக்கும். சில புது எஞ்சின்களில் ஆயில் பிரிப்பான் எஞ்சின் பிளாக்கோடோ டேப்பட் கவரோடோ சேர்ந்தே வருகிறது. வெளியே தனிக் குழாயே இருக்காது. அப்படிப்பட்ட எஞ்சினில் துளை போட்டு வழி உண்டாக்க முயல வேண்டாம். அந்த எஞ்சினுக்கென்றே செய்த கிட் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

டீசலில் வேலை சுலபம். டேப்பட் கவரிலிருந்து டர்போவுக்கு முன்னால் உள்ள ஏர் பைப்புக்கு ஒரே தடித்த ப்ரீத்தர் குழாய் போகும். அதன் நடுவே கேன். செக் வால்வு எதுவும் வேண்டாம். ஆனால் டீசலில் வாயு எப்போதும் அதிகம், குழாய் பெரிது. ஆகவே கேனும் பெரிதாக, குறைந்தது அரை லிட்டர் கொள்வதாக இருக்கட்டும்.

கேனை எங்கே உட்கார வைப்பது? டர்போ, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குத் தள்ளி, காற்று படும் குளிர்ந்த இடத்தில். சூடான கேனில் ஆயில் ஆவி படியாது. எஞ்சின் மேல் மாட்டாமல் பாடியில் மாட்டுங்கள். எஞ்சின் ஆடும்போது இழுபடாதபடி குழாயில் கொஞ்சம் தளர்ச்சி விடுங்கள். பிரேக் பைப், ஏ.பி.எஸ். பாகம், பேட்டரி டெர்மினல், பெல்ட் இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். பிராக்கெட் 2 மி.மீ. இரும்புத் தகடோ 3 மி.மீ. அலுமினியமோ இருந்தால் போதும், 6 மி.மீ. போல்ட்டும் நைலான் லாக் நட்டும் போடுங்கள். பானெட்டில் முட்டுமா என்று பார்க்கச் சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கேனின் தலையில் வைத்து, பானெட்டை மெதுவாகச் சாத்தித் திறங்கள். நசுங்கிய மாவின் கனம் 15 மி.மீ.யாவது இருக்க வேண்டும். எஞ்சினிலிருந்து கேனுக்கு வரும் குழாய் ஒரே சரிவாக இறங்கட்டும். நடுவே தொங்கி ஊஞ்சல் மாதிரி நின்றால் அந்தப் பள்ளத்தில் தண்ணீரும் ஆயிலும் தேங்கி வழியை அடைக்கும்.

கேனின் திருகு நிப்பிள்களில் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றாதீர்கள். அதன் நூல் பிரிந்து உள்ளே போகும். திரவ த்ரெட் சீலன்ட் மெல்லிசாகத் தடவினால் போதும். உள்வழி, வெளிவழி மாறாமல் மாட்டுங்கள். மாறினால் பிடித்த ஆயிலையே அது எஞ்சினுக்கு ஊட்டும். கிளாம்பை ரப்பர் வெட்டுப்படும் அளவுக்கு முறுக்க வேண்டாம்.

மாட்டியபின் எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தெளியுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் நுரை உள்ளே இழுக்கப்பட்டால் அங்கே காற்று புகுகிறது. ஏர்ஃபுளோ சென்சார் அளக்காத காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை மெலிந்து, ஐடிலிங் ஏறி இறங்கி, எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேனரில் பி0171 என்று காட்டும். கேனில் ஃபில்டர் மாட்டித் திறந்துவிடுகிறவர்களுக்கு வரும் முதல் தொல்லையும் இதுதான்.

இதைவிட முக்கியமான சோதனை ஒன்று இருக்கிறது. பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. கேன் மாட்டுவதற்கு முன்னும் பின்னும் கிராங்க் கேஸ் அழுத்தத்தை அளப்பது. கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு மீட்டர் கண்ணாடிக் குழாயை, அதாவது உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ட்யூபை, ஒரு பலகையில் 'ப' எழுத்து மாதிரி வளைத்துக் கட்டி, பாதிவரை தண்ணீர் விடுங்கள். பழைய ஆயில் மூடி ஒன்றில் துளையிட்டு நிப்பிள் வைத்து, ஒரு முனையை அதில் மாட்டுங்கள். மறு முனை திறந்திருக்கட்டும். டிப் ஸ்டிக் குழாயில் மாட்டலாம் என்பார்கள். சில எஞ்சின்களில் அந்தக் குழாயின் அடி ஆயிலுக்குள் முங்கியிருக்கும், அளவு பொய்யாகும். ஐடிலிங்கிலும், 2,500 ஆர்.பி.எம்.மிலும் இரு பக்கத் தண்ணீர் மட்டத்தின் வித்தியாசத்தை மி.மீ.யில் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எஞ்சின் பக்கம் வேகமாக ஏறினால் உடனே ட்யூபைப் பிடுங்கிவிட வேண்டும்; சில எஞ்சின்களில் உறிஞ்சல் பலமாக இருக்கும். கேன் மாட்டியபின் அதே அளவு, அல்லது அதற்கு மிக நெருங்கி வர வேண்டும். முன்பு எஞ்சின் பக்கம் ஏறி நின்ற தண்ணீர் இப்போது எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது என்றால், கேன் அடைக்கிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பெரிய வாயுள்ளதைத் தேடுங்கள். நின்றபடி ரேஸ் செய்யும்போது பிளோ-பை குறைவு; பாரத்தோடு மலை ஏறும்போதுதான் உச்சம். அதனால் ஒரு நீண்ட ஏற்றம் ஓட்டிவிட்டு வந்தும் டிப் ஸ்டிக் தூக்கியிருக்கிறதா, சீல் ஓரங்களில் புது ஈரம் உண்டா என்று பாருங்கள்.

கேன் வடிப்பதில் அலட்சியம்தான் எனக்கு மிகவும் கவலை தருவது. கேன் நிரம்பிவிட்டால் ஒரு வேகத் திருப்பத்திலோ, மலை இறக்கத்திலோ மொத்த ஆயிலும் ஒரே மடக்காக இன்டேக்குக்குள் போகும். டீசல் எஞ்சினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். அந்த ஆயிலைக் குடித்து எஞ்சின் தானாக ரேஸ் ஆகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வண்டியாக இருந்தால் டாப் கியர் போட்டு, கால் பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சைச் சட்டென விட்டு எஞ்சினை அமுக்கி நிறுத்த வேண்டும். வேறு வழி, காற்று வழியைக் கெட்டிப் பலகையால் அடைப்பது. கையைக் கொண்டுபோகவே கூடாது. இந்த நிலை வராமலிருக்க, மாட்டிய முதல் 500 கி.மீ.யில் ஒருமுறை திறந்து பாருங்கள், பிறகு 1,000 கி.மீ.யில். சேரும் அளவை வைத்து உங்கள் வண்டிக்கான கெடுவை முடிவு செய்துகொள்ளுங்கள். எந்தக் காரணத்துக்கும் பாதிக்கு மேல் நிரம்ப விட வேண்டாம். எஞ்சின் ஆறியபின், நிறுத்தி வைத்துத்தான் வடிக்க வேண்டும். வடித்ததும் டிரெயின் வால்வு முழுக்க மூடியிருக்கிறதா என்று கையால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

உதகை, கொடைக்கானல் பக்கத்திலும், மழைக்காலத்தில் கிட்டத்துக்கே ஓடும் வண்டிகளிலும், கேனில் மோர் மாதிரி வெளுத்த கலவை வரும். நீராவி குளிர்ந்து ஆயிலோடு கலந்தது அது. டிப் ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து, ரேடியேட்டரில் கூலன்ட் குறையாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. அடிக்கடி வடித்தால் போதும். டிப் ஸ்டிக்கிலும் அதே வெளுப்பு, கூலன்டும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். வழக்கமாகச் சேரும் அளவு திடீரென்று இரட்டிப்பானாலும் அது கேனின் பெருமை இல்லை, எஞ்சினின் புகார்.

வடித்ததை மறுபடி எஞ்சினில் ஊற்றாதீர்கள். அதில் தண்ணீரும், எரியாத எரிபொருளும், அமிலமும் உண்டு. சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். பயன்படுத்திய ஆயில், 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருவது. மூடியுள்ள தனி டப்பாவில் சேர்த்து, அடுத்த ஆயில் சர்வீசின்போது ஒர்க்‌ஷாப்பின் பழைய ஆயில் பீப்பாயில் விட்டுவிடலாம்.

ஃபில்டர் வைத்துத் திறந்துவிடும் முறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தப் புகை பானெட்டுக்குள்ளேயே நிற்கும். கண்ணாடிக்கு அடியில் உள்ள ஏ.சி. காற்று வாய் அதை இழுத்து உள்ளே உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் முகத்தில் விடும். ஆயில் திவலை சூடான டர்போ மேல் படிந்தால் தீப்பிடிக்கும் வாய்ப்பும் இருக்கிறது. பெட்ரோல் கார்களுக்கு ஒப்புதல் தரும் சோதனையிலேயே, கிராங்க் கேஸ் வாயு வெளியே வரக்கூடாது என்பது ஒரு நிபந்தனை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில், காற்று மாசு விதியை மீறி ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. புகைச் சான்றிதழ் சோதனை சைலன்சர் முனையை மட்டுமே பார்ப்பதால் இந்தத் திறந்த கேன்கள் தப்பிவிடுகின்றன. எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் பார்க்கும்போது பானெட்டைத் திறந்து ப்ரீத்தர் குழாய் எங்கே போகிறது என்று அதிகாரிகள் ஒரு பார்வை பார்த்தால் நல்லது. உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டியில், முறையாக மாட்டிய கேனைக் காட்டியே எஞ்சின் க்ளெய்மை மறுக்க இடமுண்டு. மாட்டும் முன் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உள் துளை எத்தனை மி.மீ., எத்தனை மி.லி. கொள்ளும், எவ்வளவு சேர்ந்ததும் வடிக்க வேண்டும் என்ற மூன்றையும் தமிழில் ஒரு ஸ்டிக்கராக அச்சடித்துக் கேனிலேயே ஒட்டித் தாருங்கள். ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் பயிற்சியில் தண்ணீர்க் குழாய் வைத்துக் கிராங்க் கேஸ் அழுத்தம் பார்ப்பதைச் செய்முறையாகவே கற்றுக்கொடுக்கலாம். செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது.

கேன் மாட்டிய வண்டியை விற்கிறவர்கள், வாங்குபவரிடம் அது எங்கே இருக்கிறது, எப்படி வடிப்பது என்பதை நேரில் காட்டி, பையில் போட்டு வைத்த ஒரிஜினல் குழாயையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அவர் வடிக்க மாட்டார் என்று தோன்றினால், கேனைக் கழற்றி அந்தக் குழாயை மாட்டியே விற்றுவிடுங்கள்.

இப்படிக்கு,
கார் எஞ்சின் மெக்கானிக் ஒருவர்,
கோயம்புத்தூர்.